முன்வினை மறுத்தவர்களின் இன்று



பண்டிதர் அயோத்திதாசரின் நினைவில் நிகழும் இந்த உரையில் நாங்கள் சொல்லப்போகும் கருத்துகள் ஒருவருடைய மேசையில் உருவானவை அல்ல. வாசிப்பு வட்டத்தில் பல மாலைகள் பேசித் திரண்டவை. ஆகவே 'நாங்கள்' என்றே பேசுகிறோம். அந்தப் பேச்சைத் தொடங்கிவைத்தது ஒரு மாணவியின் கேள்வி.

ஒரு கல்லூரி விடுதி. சாப்பாட்டுக் கூடத்தில் தங்களை ஒதுக்கி உட்காரவைக்கிறார்கள், சாதிப் பெயரைச் சொல்லிக் கேலி பேசுகிறார்கள் என்று மாணவிகள் சிலர் எழுதிக் கொடுத்தார்கள். விசாரணை நடக்கவில்லை. அதற்குப் பதிலாக இரண்டு நாள் மனப்பயிற்சி முகாம் நடந்தது. புகார் கொடுத்தவர்கள் கட்டாயம் வரவேண்டும் என்று சொல்லப்பட்டது. கண்ணை மூடச் சொன்னார்கள். மூச்சைக் கவனிக்கச் சொன்னார்கள். நடந்ததை விட்டுவிடுங்கள், இந்தக் கணத்தில் இருங்கள், இதுதான் புத்தர் காட்டிய வழி என்றார்கள். முகாம் முடிந்து எங்களைப் பார்க்க வந்த ஒரு மாணவி கேட்டார்: "தோழர், புத்தர் நிஜமாவே இதைத்தான் சொன்னாரா? அப்படின்னா பாபாசாகேப் ஏன் அவர்கிட்டப் போனாரு?"

அன்று எங்களால் முழுமையாகப் பதில் சொல்ல முடியவில்லை. இந்த உரை அந்தப் பதிலுக்கான முயற்சி.

யாருடைய நேற்று?

நடந்ததை விட்டுவிடு என்று நம்மிடம் சொல்பவர்களிடம் முதலில் ஒன்றைக் கேட்கவேண்டும். நேற்றைப் பிடித்துக்கொண்டிருப்பது யார்? சாதி என்பதே நேற்றைப் பிடித்துக்கொண்டு நிற்கும் ஏற்பாடுதானே? ஒருவர் இன்று என்ன செய்கிறார் என்பதை அது பார்ப்பதில்லை. எங்கே பிறந்தார் என்று பார்க்கிறது. ஏன் அங்கே பிறந்தார் என்று கேட்டால், போன பிறவியில் செய்த வினை என்கிறது. தீய நடத்தை உடையோர் நாயின் கருவிலோ பன்றியின் கருவிலோ சண்டாளரின் கருவிலோ பிறப்பார்கள் என்று சாந்தோக்கிய உபநிடதம் வரிசைப்படுத்துகிறது. நம் ஊர்ப் பேச்சில் அதுவே தலையெழுத்து, விதி, போன ஜென்மத்துப் பாவம்.

இந்த ஏற்பாட்டில் நேற்று என்பது நம்மீது சுமத்தப்பட்ட குற்றம். நாளை என்பது, சுமத்தப்பட்ட தொழிலை ஒழுங்காகச் செய்தால் அடுத்த பிறவியில் கிடைக்கும் என்று சொல்லப்பட்ட கூலி. இரண்டுக்கும் நடுவில் இன்று என்று ஒன்று மிச்சமே இல்லை. பொறுத்துக் காத்திருக்க வேண்டிய இடம் மட்டும்தான் அது. ஆகவே இக்கணத்தில் வாழ்தல் என்பது நமக்கு மன அமைதி பற்றிய பேச்சாகத் தொடங்க முடியாது. பறிக்கப்பட்ட இன்றைத் திரும்பப் பெறுவதாகவே தொடங்கும்.

இதைப் புத்தரிடமே பார்க்கலாம். அங்குத்தர நிகாயத்தின் மூன்றாம் தொகுதியில் ஓர் உரை இருக்கிறது. மனிதர் அனுபவிக்கும் எல்லாவற்றுக்கும் முன்வினையே காரணம் என்பது ஒரு கொள்கை. எல்லாம் ஈசுவரன் படைப்பு என்பது இன்னொன்று. எதற்கும் காரணமே இல்லை என்பது மூன்றாவது. இம்மூன்றையும் புத்தர் அடுத்தடுத்து நிறுத்தி விசாரிக்கிறார். முன்வினைதான் எல்லாம் என்றால் கொலை செய்பவனும் முன்வினையால்தான் கொல்கிறான் என்று ஆகிவிடும். அப்புறம் இதைச் செய்யவேண்டும், இதைச் செய்யக்கூடாது என்ற விருப்பத்துக்கும் முயற்சிக்கும் இடமே இராது. மூன்று கொள்கைகளும் மனிதரைச் செயலின்மையில் கொண்டுபோய் நிறுத்துகின்றன என்பது அவருடைய முடிவு.

சம்யுத்த நிகாயத்தில் சீவகன் என்ற துறவி இதே கேள்வியோடு வருகிறார். உடலும் மனமும் படும் நோவுக்குப் புத்தர் எட்டுக் காரணங்களை எண்ணிச் சொல்கிறார். பித்தம், சிலேட்டுமம், வாயு, இவை மூன்றும் கூடுவது, பருவ மாற்றம், உடலைச் சரிவரப் பேணாமை, பிறரால் நேரும் தாக்குதல், கடைசியாக வினையின் பயன். வினையை அவர் முற்றாகத் தள்ளிவிடவில்லை என்பதை நேர்மையாகச் சொல்லவேண்டும். ஆனால் அதை எட்டில் ஒன்றாகக் குறுக்கிவிட்டார். எல்லாவற்றையும் முன்வினை என்பவர்கள் தாமே அறிந்ததையும் உலகம் அறிந்ததையும் மீறிப் பேசுகிறார்கள் என்றார். அந்தப் பட்டியலில் பிறரால் நேரும் தாக்குதல் தனியாக எண்ணப்பட்டிருப்பதை நாங்கள் அடிக்கோடிட்டு வைத்திருக்கிறோம். அடிபட்டவரிடம் போய், அது உன் வினை என்று சொல்லும் வாயை இரண்டாயிரத்துச் சொச்சம் ஆண்டுகளுக்கு முன்பே அடைத்த பட்டியல் அது.

நினைவு என்ற சொல்

இருந்தாலும், கடந்ததைத் துரத்தாதே, வராததை ஏங்காதே என்று புத்தர் சொன்னது உண்மைதானே என்று கேட்கலாம். உண்மைதான். மஜ்ஜிம நிகாயத்தின் பத்தேகரத்த சுத்தம் இதைத்தான் சொல்கிறது. முகாம்களில் மேற்கோள் காட்டப்படுவதும் பெரும்பாலும் அதுவே. ஆனால் அந்த உரை அங்கே நின்றுவிடவில்லை. இன்று செய்யவேண்டியதை இன்றே முயன்று செய், நாளை சாவு வருமோ யாருக்குத் தெரியும் என்று தொடர்கிறது. கடந்ததைத் துரத்துவது என்றால் என்ன என்றும் விளக்குகிறது. அன்று நான் இப்படி இருந்தேன் என்று அதிலே இன்பம் கண்டு ஒட்டிக்கொள்வதே துரத்துவது. நடந்ததை அறியாதே, மற என்று அங்கே எங்கும் இல்லை.

இருக்கவும் முடியாது. காரணம் அந்தச் சொல்லிலேயே இருக்கிறது. இன்று உலகமெங்கும் 'மைண்ட்ஃபுல்னெஸ்' என்று விற்பனையாகும் சொல், பாலியில் ஸதி. அதற்கு ஆங்கிலத்தில் அந்தச் சொல்லை 1881இல் நிலைநிறுத்தியவர் ரைஸ் டேவிட்ஸ் என்ற ஆய்வாளர். ஸதி என்றால் நேர்ப்பொருள் நினைவு. நீண்ட காலத்துக்கு முன் செய்ததையும் சொன்னதையும் நினைவுகூரும் ஆற்றல் என்றே நிகாயங்கள் அதற்கு இலக்கணம் சொல்கின்றன. எல்லைப்புறக் கோட்டை ஒன்றின் வாயிற்காவலன் என்பது அவை தரும் உவமை. தெரிந்தவரை உள்ளே விடுவான், தெரியாதவரைத் தடுத்து நிறுத்துவான். நினைவு இல்லாத காவலனால் யாரைத் தெரியும், யாரைத் தெரியாது என்று எப்படிச் சொல்ல முடியும்?

பாலியின் ஸதி வடமொழியில் ஸ்மிருதி. மனுஸ்மிருதியில் இருப்பதும் இதே ஸ்மிருதிதான். இரண்டும் நினைவுகளே. ஒன்று, பிறப்பை நினைவில் வைத்துப் பிறப்புக்கேற்பத் தண்டனையும் தொழிலும் வகுத்த நினைவு. மற்றது, இக்கணத்தில் என் உடலிலும் உணர்விலும் சூழலிலும் என்ன நிகழ்கிறது, அது எதிலிருந்து வந்தது என்று அறியும் நினைவு. 1927 டிசம்பர் 25 அன்று மகாடில் மனுஸ்மிருதி எரிக்கப்பட்டபோது எரிந்தது முதலாவது நினைவு. ஆக, நமக்கு முன்னால் இருக்கும் தேர்வு நினைவா மறதியா என்பதல்ல. எந்த நினைவு என்பதே.

பண்டிதர் தேடிய நேற்று

1892இல் சென்னை மகாஜன சபைக் கூட்டத்தில் நடந்ததைப் பண்டிதர் பின்னாளில் எழுதியிருக்கிறார். சிவன் கோயிலிலும் விஷ்ணு கோயிலிலும் எங்களுக்கு ஏன் இடமில்லை என்று அவர் கேட்கிறார். கூட்டத்தில் கூச்சல் எழுகிறது. உங்களுக்கு மதுரைவீரனும் காட்டேரியும் கருப்பண்ணனும் இருக்கிறார்கள் என்று பதில் வருகிறது. அப்படியானால் உங்கள் சாமி எங்களுக்கு வேண்டாம், எங்கள் பிள்ளைகளுக்குப் பள்ளிக்கூடமும் எங்கள் மக்களுக்குத் தரிசு நிலமும் கிடைக்கச் செய்யுங்கள் என்று பண்டிதர் திருப்பிக் கேட்கிறார். கோயிலில் கிடைப்பதாகச் சொல்லப்பட்ட மறுமையை அதே மேடையில் கைவிட்டு, கல்வியும் நிலமும் என்று இம்மையைக் கேட்ட அந்தக் கணத்தை நாங்கள் தமிழ்ப் பௌத்தத்தின் தொடக்கங்களில் ஒன்றாகவே பார்க்கிறோம்.

ஆறு ஆண்டுகள் கழித்து, 1898இல், ஆல்காட்டின் துணையோடு இலங்கை சென்று கொழும்பில் சுமங்கல மகாதேரரிடம் பஞ்சசீலம் பெற்றார். திரும்பி வந்து இராயப்பேட்டையில் சாக்கிய பௌத்த சங்கத்தை நிறுவினார். 1907 ஜூன் 19 அன்று 'ஒரு பைசாத் தமிழன்' இதழ் தொடங்கியது. ஓராண்டில் பெயர் 'தமிழன்' என்று சுருங்கியது. 1914 மே மாதம் மறையும் வரை அதில் அவர் எழுதிக்கொண்டே இருந்தார்.

எழுதியவற்றில் பெரும்பகுதி பழங்காலம் பற்றியது. இந்திரர் தேச சரித்திரம், ஆதிவேதம், பண்டிகைகளின் உண்மை வரலாறு. தீபாவளி எள்ளெண்ணெய் கண்டறியப்பட்டதைக் கொண்டாடிய நாள் என்றார். கார்த்திகைத் தீபத்தை ஆமணக்கு எண்ணெயோடு சேர்த்துப் பேசினார். இக்கணத்தில் வாழச் சொன்ன புத்தரைப் பின்பற்றியவர் இவ்வளவு பழமையை ஏன் தோண்டினார்?

எங்கள் வாசிப்பில் விடை இதுதான். 'நீ தாழ்ந்தவன், அது உன் முன்வினை' என்ற விளக்கத்தின் இடத்தில் அவர் ஒரு வரலாற்றை வைத்தார். நாங்கள் பௌத்தர்களாக இருந்தோம். வேஷ பிராமணர்களோடு ஏற்பட்ட பகையால் தாழ்த்தப்பட்டோம். வினை என்றால் செய்தவன் நான், அனுபவிக்க வேண்டியவனும் நான். வரலாறு என்றால் செய்தவர் வேறு ஒருவர், செய்த காலம் ஒன்று, செய்த காரணம் ஒன்று. ஒரு காலத்தில் செய்யப்பட்டது இன்னொரு காலத்தில் மாற்றப்படலாம். இதனால்தான் பண்டிதரின் நேற்று, சாதியின் நேற்றைப் போலக் கழுத்தை இறுக்கவில்லை. இன்று எழுந்து நடப்பதற்குக் காலடியில் தரையைப் போட்டது.

வாயிற்காவலனின் வேலை இங்கேயும் உண்டு. பண்டிதர் சொன்ன சொல்லாராய்ச்சிகள் எல்லாம் இன்றைய வரலாற்றுச் சான்றுகளுக்கு முன் நிற்பவை அல்ல. அதைவிட முக்கியமானது ஒன்று. தாழ்த்தப்பட்டோர் வேறு, தாழ்ந்தோர் வேறு என்று பிரித்து, சக்கிலியரையும் குறவரையும் இரண்டாவது வரிசையில் அவர் வைத்தார். நம் பெருமையை மீட்கும் நினைவு, நமக்குக் கீழே ஒருவரை நிறுத்தும் என்றால் அந்த இடத்தில் அது பழைய ஸ்மிருதியாகவே மாறிவிடுகிறது. அன்று நாங்கள் இப்படி இருந்தோம் என்று ஒட்டிக்கொள்வதைப் பற்றிப் பத்தேகரத்த சுத்தம் எச்சரிப்பது நமக்கும் சேர்த்துத்தான். பண்டிதரை மதிப்பவர்களே இதைச் சொல்லவேண்டும். அவரை எதிர்ப்பவர்கள் சொல்லட்டும் என்று விட்டுவிடக் கூடாது.

இருபத்தொரு ஆண்டு எடுத்த ஒரு கணம்

பண்டிதரின் சங்கத்தோடு சேர்ந்து உழைத்தவர் பேராசிரியர் லட்சுமி நரசு. அறிவியல் ஆசிரியர். பௌத்தத்தின் சாரத்தை விளக்கும் அவருடைய ஆங்கில நூல் 1907இல், தமிழன் இதழ் தொடங்கிய அதே ஆண்டில் வந்தது. 1948இல் அதன் மறுபதிப்புக்கு முன்னுரை எழுதியவர் அண்ணல் அம்பேத்கர். சென்னையில் தொடங்கிய ஒரு சிந்தனை நாக்பூருக்குப் போய்ச் சேர்ந்த தடங்களில் இதுவும் ஒன்று.

இந்துவாகப் பிறந்தேன், இந்துவாகச் சாகமாட்டேன் என்று பாபாசாகேப் இயோலாவில் அறிவித்தது 1935 அக்டோபர் 13. நாக்பூரில் தம்மம் ஏற்றது 1956 அக்டோபர் 14. இருபத்தொரு ஆண்டுகள். நடுவில் சமயங்களைப் படித்தார், சட்டம் எழுதினார், பதவி வகித்தார், பதவியைத் துறந்தார், இலங்கைக்கும் ரங்கூனுக்கும் போனார். நாக்பூரில் இருபத்திரண்டு உறுதிமொழிகள் சொல்ல எடுத்துக்கொண்ட நேரம் சில நிமிடங்கள்தான். அந்த நிமிடங்களுக்குப் பின்னால் இருபத்தொரு ஆண்டு உழைப்பு இருந்தது. இக்கணம் என்பதைக் காலத்திலிருந்து கத்தரித்து எடுத்த துண்டு என்று நினைப்பவர்களுக்கு இந்தக் கணக்கைச் சொல்லவேண்டும். அதற்குப் பிறகு அவர் வாழ்ந்தது ஐம்பத்து மூன்று நாட்கள். இன்று செய்யவேண்டியதை இன்றே செய் என்பது அவர் விஷயத்தில் வெறும் போதனையாக இல்லை.

அவர் மறைந்தபின் 1957இல் வெளியான 'புத்தரும் அவர் தம்மமும்' நூலின் முன்னுரையில், பௌத்தத்தை எடுத்துச் சொல்வதில் உள்ள சிக்கல்களை நான்காகப் பிரிக்கிறார். அவற்றுள் ஒன்று, ஆன்மா இல்லை என்ற புத்தரின் சொல்லும் வினை, மறுபிறப்பு என்ற சொற்களும் எப்படிப் பொருந்தும் என்பது. நூலுக்குள் அதற்கு அவர் தரும் விடை திட்டவட்டமானது. முற்பிறவி வினை இப்பிறவியின் நிலையைத் தீர்மானிக்கிறது என்பது புத்தருடைய கருத்தாக இருக்க முடியாது; ஏழைகளின் துன்பத்துக்கான பொறுப்பிலிருந்து அரசும் சமூகமும் தப்பித்துக்கொள்ளவே அது உதவும் என்று அவர் வாதிடுகிறார். மாணவி கேட்ட இரண்டாவது கேள்விக்கு இங்கே பதில் கிடைக்கிறது. பாபாசாகேப் புத்தரிடம் போனது நடந்ததை மறக்க அல்ல. நடந்ததற்குப் பொறுப்பேற்க வேண்டியவர் யார் என்று கேட்கும் உரிமையைப் பெற.

மூச்சு

தியானத்தின் மீது எங்களுக்குப் பகையில்லை. எங்களில் சிலர் பத்து நாள் விபாசனா வகுப்புகளில் உட்கார்ந்து எழுந்தவர்கள். கோபத்தின் சூடு தணிவதை அங்கே கண்டிருக்கிறோம். கோபத்தின் காரணம் அங்கே தணிவதில்லை, அவ்வளவுதான்.

அந்தப் பயிற்சிக்கும் ஒரு வரலாறு உண்டு. பர்மாவின் லெடி சயாதோ 1846இல் பிறந்தவர். பண்டிதரைவிட ஒரு வயது இளையவர். 1885இல் பிரிட்டிஷார் பர்மாவின் அரசை வீழ்த்தியபின், சங்கத்தைக் காக்க அரசன் இல்லாத நிலையில், தம்மத்தையும் தியானத்தையும் இல்லறத்தாரின் கையில் கொடுக்க முனைந்தவர் அவர். அந்த வழி ஊ பா கின் வரை வந்து, 1969இல் கோயங்கா மூலம் இந்தியாவை அடைந்தது. அமெரிக்காவில் கபாட் சின் 1979இல் மருத்துவமனைப் பயிற்சியாக அமைத்தது மன அழுத்தத்தைக் குறைக்கும் முறை. அங்கிருந்து கம்பெனிகளுக்கும் கல்லூரிகளுக்கும் அது பரவியது. இந்தப் பயணத்தின் முடிவில், நாம் சொன்ன விடுதியில் வந்து சேர்ந்தபோது, அதிலிருந்து ஒரு பாதி உதிர்ந்துபோயிருந்தது.

உதிர்ந்தது எது? இப்பயிற்சிகளின் மூலமான சதிபட்டான சுத்தத்தைப் படித்தால் தெரியும். உடலையும் உணர்வையும் மனத்தையும் உள்ளே கவனி என்று சொல்லும் அந்த உரை, ஒவ்வொரு முறையும் புறத்தே கவனி என்றும், அகமும் புறமுமாகக் கவனி என்றும் சேர்த்தே சொல்கிறது. என் மூச்சு மட்டும் அல்ல, பிறருடைய மூச்சும் கவனத்துக்குரியது என்றே நாங்கள் இதை வாசிக்கிறோம்.

பிறருடைய மூச்சு என்றால் எங்களுக்கு இரண்டு இடங்கள் நினைவுக்கு வருகின்றன. ஒன்று கோலார் தங்கவயல். வட ஆற்காடு போன்ற பகுதிகளிலிருந்து கூலிகளாகப் போன நம் மக்கள் மூன்று கிலோமீட்டருக்கும் அதிக ஆழத்தில் பாறையை உடைத்தார்கள். பாறைத் தூசி நுரையீரலில் படிந்து மூச்சு முட்டிச் செத்தவர்கள் அவர்களில் உண்டு. அதே மக்கள்தான் மாரிக்குப்பத்தில் சாக்கிய பௌத்த சங்கத்தின் கிளையைக் கட்டினார்கள். பண்டிதருக்குப்பின் 'தமிழன்' இதழை 1920களில் அப்பாதுரையார் நடத்தியதும் தங்கவயலிலிருந்துதான். மேலே வந்து மூச்சு விடும்போதெல்லாம் அது கிடைத்தற்கரிய கணம் என்று அறிந்தவர்கள், அந்தக் கணத்தைச் சங்கம் வைக்கவும் பத்திரிகை நடத்தவும் செலவிட்டார்கள்.

இரண்டாவது இடம் சாக்கடைக் குழி. கையால் மலம் அள்ளுவதைத் தடைசெய்து 1993இல் ஒரு சட்டம், 2013இல் இன்னொரு சட்டம். குழிக்குள் இறந்தவரின் குடும்பத்துக்குப் பத்து லட்சம் என்று 2014இல் சொன்ன உச்ச நீதிமன்றம், 2023இல் அதை முப்பது லட்சமாக உயர்த்தியது. இழப்பீடு உயர்ந்தது, சாவுகள் நிற்கவில்லை. நச்சுவாயு நிறைந்த குழிக்குள் இறங்குகிறவரிடம் மூச்சைக் கவனி என்று யார் சொல்வது? அந்த மூச்சைக் கவனிக்க வேண்டியவர்கள் மேலே நிற்பவர்கள். மேலே நின்று கண்ணை மூடிக்கொண்டு தம் மூச்சை மட்டும் எண்ணுவது பாதிப் பயிற்சி. அந்தப் பாதி, சீவகனுக்குச் சொன்ன பட்டியலில் ஏழாவதாக உள்ள காரணத்தைப் பார்க்காமல் இருக்க உதவுகிறது.

கடைசியாக

அந்த மாணவிகளோடு நாங்கள் திரும்ப உட்கார்ந்தபோது முதலில் பத்து நிமிடம் மூச்சைத்தான் கவனித்தோம். கை நடுங்காமல் எழுதுவதற்கு அது உதவியது. பிறகு நோட்டுப் புத்தகத்தைத் திறந்தோம். என்றைக்கு, எத்தனை மணிக்கு, எந்த மேசையில், யார், என்ன வார்த்தை சொன்னார், அப்போது உடன் இருந்தவர்கள் யார். மறந்துவிட்டோம் என்று அவர்களே நினைத்திருந்த பலவும் ஒருவர் சொல்ல ஒருவருக்கு நினைவு வந்தன. முதல் புகாரில் இல்லாத நாட்களும் நேரங்களும் இரண்டாவது புகாரில் இருந்தன. அதை விசாரணை செய்யாமல் தள்ளிவிடுவது நிர்வாகத்துக்கு எளிதாக இருக்கவில்லை. விசாரணை தொடங்கியிருக்கிறது, இன்னும் முடியவில்லை.

நாம் கேட்பது இவ்வளவுதான், மாணவ நண்பர்களே. யாராவது உங்களிடம் இக்கணத்தில் வாழுங்கள் என்றால் மறுக்காதீர்கள். சரி என்று சொல்லி, பேனாவை எடுத்து, தாளின் தலையில் இன்றைய தேதியை எழுதுங்கள். அதன்கீழ் நடந்ததை எழுதுங்கள். பண்டிதர் ஏழு ஆண்டுகள் வாரம் தவறாமல் செய்தது அந்த வேலையைத்தான்.

ஜெய்பீம்.